கோட்டைக்கு உள்ளேயா, வெளியேயா?



போன தவணையில் தரம் 10 பிள்ளைகளை மட்டக்களப்புக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்விச் சுற்றுலா என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பஸ், நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். எங்கள் ஊரிலிருந்து புளியந்தீவுக்குத் தூரமும் இல்லை. பிள்ளைகளில் பாதிப் பேர் ஏற்கெனவே அங்கு வந்தவர்கள்தான். காணி அலுவல், அந்தக் கடிதம், இந்தக் கடிதம் என்று வாப்பாமார் அலைந்த நாட்களில் கூடவே வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கோட்டை என்றால் கச்சேரி. கச்சேரி என்றால் வரிசை.

வாசலுக்கு மேலே இருக்கும் ஒல்லாந்தக் கம்பனியின் எழுத்துச் சின்னத்தைக் காட்டினேன். கொத்தளம் எது, அகழி எது என்று சொன்னேன். 1628, 1638, 1795 என்று வருடங்களைச் சொல்ல, பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். திரும்பும் நேரத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அந்தக் காலத்துல நாங்க இந்தக் கோட்டைக்கு உள்ளுக்கா இருந்த, வெளியிலயா இருந்த?"

"வெளியில்தான் மகள்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது பதிலாகாது என்று எனக்கே தெரியும். வகுப்பில் சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். கோட்டை என்றதும் எங்கள் மனதில் வருவது கல் மதிலும் பீரங்கியும் வெள்ளைக்காரனும்தான். போர்த்துக்கேயர் வருவதற்கு முன்பு இந்த நாட்டில் கோட்டையே இல்லாதது போன்ற ஒரு நினைப்பு. கொழும்புப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் எதுல்கோட்டே, பிட்டகோட்டே என்ற பெயர்ப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் எதுல் என்றால் உள், பிட்ட என்றால் வெளி. உள்கோட்டை, வெளிக்கோட்டை. 14ஆம் நூற்றாண்டில் அழகேஸ்வரர் என்ற பிரதானி சதுப்பு நிலத்தின் நடுவே கட்டிய கோட்டை அது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் படை வந்தால் தடுப்பதற்காகக் கட்டியது. கபூக் கல் மதிலும் அகழியும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவில் இன்றும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. பின்னாளில் அந்தக் கோட்டையே கோட்டே இராச்சியத்தின் தலைநகராகி, ஒரு இராச்சியத்துக்கே பெயர் கொடுத்தது.

அதைவிடப் பழையது மாந்தை. மன்னாருக்குப் போகும் வழியில், திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில், குதிரை லாடன் வடிவில் ஒரு பெரிய மண்மேடு. அதைச் சுற்றி மண் அரணும் இரட்டை அகழியும். 1980இல் தொல்பொருள் திணைக்களத்தோடு சேர்ந்து ஜோன் கார்ஸ்வெல் என்ற அறிஞரின் குழு அங்கே தோண்டத் தொடங்கியது. 1984 வரை வேலை நடந்தது. அதன் பிறகு யுத்தம். ஆய்வு முடிவுகள் நூலாக வெளிவந்தது 2013இல்தான். சீனாவின் பீங்கான் துண்டுகள், ஈராக், பாரசீகப் பக்கத்து மெருகுப் பாத்திரத் துண்டுகள், இந்திய மட்பாண்டங்கள் எல்லாம் அந்த மண்ணில் இருந்து வந்தன. இரட்டை அகழி வெட்டிக் காக்கும் அளவுக்கு அந்தத் துறைமுகத்தில் பொருள் குவிந்திருந்தது என்று அர்த்தம். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சந்தை வருகிறது. அதன் பிறகுதான் அரண்.

மூன்றாவது சான்று எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். பாவா ஆதம் மலைக்குப் போகவேண்டும் என்பது அவரது ஆசை. அவர் கரையிறங்கிய இடத்தை பத்தாலா என்று எழுதுகிறார். அது புத்தளம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். சிறிய அழகான பட்டினம் என்றும், அதைச் சுற்றி மரத்தால் ஆன மதிலும் மரக் காவற்கோபுரங்களும் இருந்தன என்றும் அவர் குறித்திருக்கிறார். ஆரியச் சக்கரவர்த்தி அப்போது அங்கேதான் தங்கியிருந்தார். மலைக்குப் போய்த் திரும்பும் வழியில் கொழும்பையும் பார்த்தார். அங்கே ஜலஸ்தி என்ற கடல் அதிபதி ஏறத்தாழ 500 ஹபஷி வீரர்களோடு இருந்ததாக எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் வந்து இறங்குவதற்கு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே கொழும்புத் துறைமுகத்தில் ஆயுதம் தாங்கிய காவல் இருந்தது.

அந்தப் புத்தளத்து மரக்கோட்டையை இன்று தேடிப் போனால் என்ன கிடைக்கும்? மரம் உக்கிவிடும். கறையான் தின்றுவிடும். மிஞ்சினால், தூண் நட்ட குழிகள் மண்ணில் வேறு நிறத்தில் வட்டமாகத் தெரியும். அதையும் பயிற்சி உள்ள கண்தான் காணும். கல்லில் கட்டியவனின் வீடு நிற்கிறது, மரத்தில் கட்டியவனின் வீடு நிற்கவில்லை. அதற்காக இரண்டாமவன் இருக்கவே இல்லை என்று ஆகிவிடாது. பழைய கோட்டைகளைப் பற்றி வாசிக்கும்போது நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்ளும் விடயம் இது.

இனி போர்த்துக்கேயரிடம் வருவோம். பாடப்புத்தகத்தில் 1505. லொரென்சோ த அல்மெய்தா முஸ்லிம் வணிகக் கப்பல்களைப் பிடிக்க மாலைதீவுப் பக்கம் போனபோது காற்று அடித்து இலங்கைக் கரைக்கு வந்தான் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த வசனத்தில் முக்கியமான பகுதி காற்று அல்ல. அவன் யாரைத் துரத்திக்கொண்டு வந்தான் என்பதுதான். கறுவாவும் மிளகும் ஏற்றிப் போன கப்பல்களை இந்து சமுத்திரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பங்கினர் முஸ்லிம்கள். அந்த வியாபாரத்தைப் பிடுங்குவதுதான் அவர்களது வேலை. அவர்கள் எங்களுக்குக் கொடுத்த பெயர் மோரோ. தங்கள் ஊர்ப் பக்கத்தில் மொரோக்கோ முஸ்லிம்களுக்குச் சொன்ன பெயரை இங்கேயும் கொண்டுவந்து ஒட்டினார்கள். தமிழில் நாங்கள் சோனகர். ஆனால் உங்கள் பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பக்கத்தில் இன்றும் இருப்பது அந்தப் போர்த்துக்கேயன் வைத்த பெயர்தான்.

1518இல் லோப்போ சுவாரஸ் ஒரு பெரிய கப்பல் படையோடு வந்து கொழும்பில் கோட்டை கட்டினான். ஏன் கொழும்பு? அங்கே ஏற்கெனவே துறைமுகம் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் ஆட்கள் அதை நடத்திக்கொண்டிருந்தார்கள். எத்தனை காலமாக என்பதற்கு ஒரு கல் சாட்சி இருக்கிறது. கொழும்பில் கிடைத்த அந்த மீசான் கல்லில் பழைய கூஃபி எழுத்தில் காலித் என்பவரின் பெயரும் ஹிஜ்ரி 337 என்ற வருடமும் இருந்தன. கிறிஸ்து ஆண்டில் அது 948 அல்லது 949. சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் என்ற நீதியரசர் அதன் பிரதியை இலண்டனுக்கு அனுப்ப, அங்கே அது வாசிக்கப்பட்டு 1827இல் அச்சில் வந்தது. போர்த்துக்கேயக் கோட்டைக்கு 570 வருடங்களுக்கு முந்திய மையித்து ஒன்று.

அந்த முதல் கோட்டை பெரிய கோட்டை ஒன்றும் அல்ல. மரமும் மண்ணும்தான். 1520இல் லோப்போ த பிரித்தோ கொத்தர்களோடும் தச்சர்களோடும் வந்து கல்லும் சுண்ணாம்புமாகத் திருப்பிக் கட்டினான். உடனே முற்றுகை. கோட்டே மன்னனின் ஆட்களும் கொழும்பு முஸ்லிம்களும் சேர்ந்து மாதக்கணக்கில் வளைத்து நின்றார்கள். கொச்சியிலிருந்து உதவிக் கப்பல் வந்த பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் மூச்சு விட்டார்கள். 1524இல் போர்த்துக்கல் மன்னனே அதை இடித்துவிடச் சொன்னான். வரவைவிடச் செலவு கூட. அவர்கள் திரும்பவும் கொழும்பில் கோட்டை கட்ட முப்பது வருடம் எடுத்தது. வந்தான், கட்டினான், ஆண்டான் என்று ஒரே மூச்சில் பாடம் நடத்துகிறோம். அப்படி நடக்கவில்லை. முதல் கோட்டை ஆறு வருடம் தாங்கவில்லை.

இனி எங்கள் பக்கம். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சியில் இருந்த கரையோரங்களில் இருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த வீடு, கடை, வள்ளம் எல்லாவற்றையும் விட்டு அவர்கள் போனார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டான். அவர்களில் 4,000 பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்களில் வரும் தொகை. இப்படி முழு எண்ணாக வரும் தொகைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். தலையை எண்ணி எழுதியதாக இருக்காது. ஆனால் பெருந்தொகையான ஆட்கள் வந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

செனரத் செய்தது கருணை மட்டும் அல்ல. அவன் கெட்டிக்காரன். மலைநாட்டு அரசனுக்குக் கடலுக்குப் போக வாசல் வேண்டும். உப்பு, கருவாடு, துணி மலைக்கு ஏற வேண்டும். பாக்கும் மற்ற மலைநாட்டுச் சரக்கும் கரைக்கு இறங்க வேண்டும். பொதிமாடு ஓட்டவும் வள்ளம் விடவும் தெரிந்த, போர்த்துக்கேயனோடு எந்த நாளும் சேரமுடியாத ஆட்கள் அவனுக்குத் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் அகதியாக வாசலில் வந்து நின்றார்கள்.

இது நடந்து இரண்டே வருடத்தில், 1628இல், கொன்ஸ்தந்தீனு டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதி புளியந்தீவில் கோட்டை கட்டினான்.

எங்களுக்குப் பயந்துதான் கட்டினான் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி எழுதினால் இந்தப் பதிவுக்கு நிறைய லைக் விழும், ஆனால் அது சரியான வரலாறு ஆகாது. 1620இல் டென்மார்க்குக் கப்பல்கள் திருகோணமலைக்கு வந்து போயின. ஒல்லாந்தர் அதற்கும் முன்பே, 1602இல், மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குப் போய் வந்திருந்தார்கள். கண்டி அரசன் இன்னொரு ஐரோப்பியனோடு கைகோர்த்துவிடுவான் என்ற பயம் டி சாவுக்கு இருந்தது. அதற்காக முதலில் திருகோணமலையை அடைத்தான், அடுத்தது மட்டக்களப்பை. கிழக்கில் கண்டிக்கு இருந்த இரண்டு பெரிய வாசல்களுக்கும் பூட்டு. ஆனால் அந்த வாசலில் யார் நடமாடினார்கள்? செனரத் குடியேற்றிய அந்த 4,000 பேரும், அவர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மட்டக்களப்பு மக்களும். பூட்டு விழுந்தது அவர்கள் எல்லோருக்கும்தான்.

இதைக் கோட்டையே சொல்லும். காலியையோ திருகோணமலையையோ பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கோட்டைகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. மட்டக்களப்புக் கோட்டை அப்படி இல்லை. முகத்துவாரம் சில கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. அதுவும் மண் மூடும் முகத்துவாரம். பெரிய கப்பல் உள்ளே வரவே முடியாது. அப்படியென்றால் கடலில் வரும் எதிரிக்காக வாவிக்கு நடுவில் ஒரு தீவில் போய் ஏன் கட்ட வேண்டும்? காரணம் வாவிதான். 50 கிலோமீற்றருக்கு மேல் நீளமான வாவி. இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. நெல் விளைவது அங்கே, மீனும் சந்தையும் இங்கே. கண்டிப் பாதை தொடங்குவது படுவான்கரையில், சரக்கு வந்து இறங்குவது எழுவான்கரையில். இரண்டுக்கும் நடுவில் ஓடுகின்ற ஒவ்வொரு தோணியையும் புளியந்தீவில் இருந்து பார்க்கலாம், நிறுத்தலாம், வரி கேட்கலாம். அந்தப் பீரங்கிகளின் வாய் திரும்பியிருந்தது கப்பல்களை நோக்கி அல்ல, தோணிகளை நோக்கி.

கொத்தளத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி அது. சதுரக் கோட்டையின் நான்கு மூலைகளிலும் அம்பு முனை போல் வெளியே நீட்டிக்கொண்டு இருப்பதுதான் கொத்தளம். ஏன் அந்த வடிவம்? பாடசாலை மைதானத்தில் சோக்கால் கோடு போட்டுக் காட்டினேன். நேரான மதிலில் நின்று கீழே பார்த்தால், மதிலின் அடியில் ஒட்டி நிற்பவன் தெரியமாட்டான். வட்டக் கோபுரம் கட்டினாலும் அதன் முன்னால் ஒரு துண்டு நிலம் யார் கண்ணிலும் படாது. எதிரி அங்கே வந்து நின்று மதிலைத் தோண்டலாம், ஏணி வைக்கலாம். அம்பு முனை வடிவத்தில் அந்தக் குருட்டு இடமே இல்லை. ஒரு கொத்தளத்தின் முகத்தைப் பக்கத்துக் கொத்தளம் பார்த்துக்கொள்ளும். ஒருவன் முதுகை மற்றவன் காப்பான். பீரங்கி வந்த பிறகு உயர்ந்த மெல்லிய மதில்கள் சரிந்து விழத் தொடங்கியதால், இத்தாலியில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கண்டுபிடித்த முறை இது. மதில் பதிந்தது, தடித்தது, மூலைகள் கூராகின. அந்த இத்தாலியக் கணக்கு புளியந்தீவு வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம், வெளியே இருந்தவர்கள் நிறைய. டி சா 1630இல் ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் கொல்லப்பட்டான். 1638 மார்ச்சில் கன்னொறுவையில் இன்னொரு போர்த்துக்கேயப் படை அழிந்தது. அதே வருடம் மே 18இல், வெஸ்டர்வோல்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பீரங்கிகளும் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையை எடுத்தன. இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை எங்கள் கோட்டைதான்.

ஐந்து நாள் கழித்து, மே 23இல், மட்டக்களப்பில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். இனிமேல் பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை இருக்கும் என்பது மூன்றாவது விதி. மன்னனிடம் இருந்த பிரதியில் அதோடு ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது: மன்னன் விரும்பினால். ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட பிரதியில் அந்த நிபந்தனை இல்லை. காலியும் நீர்கொழும்பும் பிடிபட்ட பிறகுதான் இராஜசிங்கனுக்கு விடயம் விளங்கியது. கறுவா இல்லாத மட்டக்களப்பையும் திருகோணமலையையும் திருப்பிக் கொடுத்தார்கள். கறுவா உள்ள இடங்களைக் கொடுக்கவில்லை. 1660களில் மட்டக்களப்புக்கும் திரும்பி வந்துவிட்டார்கள். இன்று நாங்கள் பார்க்கும் கோட்டையில் பெரும்பகுதி அவர்கள் கைவேலை. 1602இல் வந்த ஒல்லாந்தரிடம் முதலாம் விமலதர்மசூரியன், நீங்கள் இங்கே கோட்டை கட்டுவதாக இருந்தால் நானும் என் மனைவி மக்களும் தோளில் கல் சுமப்போம் என்ற கருத்தில் சொன்னானாம். அந்தப் பேச்சை நினைக்கும்போது மனதுக்கு ஒரு மாதிரி இருக்கும். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களவர் சொல்வது இதைத்தான்.

இனிக் கல்லைப் பற்றி. ஒரு கோட்டையைக் கட்ட நிறையக் கல் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். முருகைக்கல்லைக் கடலில் இருந்து எடுக்கலாம், சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கலாம். ஆனால் ஏற்கெனவே செதுக்கி அடுக்கிய கல் பக்கத்தில் இருந்தால் அதை எடுப்பதுதான் இலகு. திருகோணமலையில் கோணேஸ்வரர் கோயிலை இடித்த கற்கள் கோட்டைக்குள் போயின. கோட்டை வாசலில் மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் தெரியும். போனால் நின்று பாருங்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் முதலாம் இராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதே கோட்டை 1990இல் மறுபடியும் போர்க்களமானது. யுத்தம் முடிந்த பிறகு திருத்த வேலைகளும் அகழ்வாய்வுகளும் நடந்தன. போர்த்துக்கேயர் கட்டிய மட்டத்துக்குக் கீழே தோண்டத் தோண்ட, பழைய இந்திய மட்பாண்டங்களும் சீனப் பீங்கானும் மத்திய கிழக்கு மெருகுப் பாத்திரத் துண்டுகளும் வந்தன. மாந்தையில் பார்த்த அதே கதை. கோட்டைக்குக் கீழே சந்தை.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

கொழும்பில் ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்குகிறோம். அங்கே கோட்டை இல்லை. பிரித்தானியர் 1869ஆம் ஆண்டளவில் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். ஆனால் அதற்குப் பக்கத்தில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த இடத்தின் பெயர் புறக்கோட்டை. கோட்டைக்குப் புறத்தே. மதில் போய் நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது. ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்பது பெயரில் அப்படியே இருக்கிறது. ஆகவே, மகள், நாங்கள் வெளியில்தான் இருந்தோம். ஆனால் கோட்டை வந்ததே வெளியில் இருந்தவர்களால்தான். எங்கள் சந்தை இல்லாவிட்டால் கொழும்பில் அவர்களுக்கு வேலை இல்லை. எங்கள் தோணியும் பொதிமாடும் அயலவரின் நெல்லும் இல்லாவிட்டால் புளியந்தீவு வெறும் புளிய மரங்கள்தான்.

வெளியில் இருந்து என்ன செய்தோம்? இங்கேயே வேரூன்றினோம். எங்கள் பள்ளிவாசல்களில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்த வழக்கத்தை மூத்தவர்கள் அறிவார்கள். தாய் வழியில் குடி போகும் அந்த முறையை அரபு நாட்டில் இருந்து யாரும் கொண்டுவரவில்லை. பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் அதே குடி முறை இருக்கிறது. சத்துருக்கொண்டான், சந்திவெளி, ஏறாவூர் என்று ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் முக்குவரும் பட்டாணிகளும் சேர்ந்து திமிலரோடு போர் செய்த கதையை எங்கள் மூத்தாப்பாமார் சொல்வார்கள். அது வாய்மொழிக் கதை, அதைக் கல்வெட்டுப் போல நான் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சேர்ந்து நின்ற ஒரு ஞாபகத்தை இரண்டு சமூகமும் பல தலைமுறையாகச் சொல்லி வருவதே ஒரு விடயம்தான்.

அடிக்கடி கமெண்டுகளில் ஒரு சண்டை பார்க்கிறேன். "நீங்கள் 1626இல் வந்தவர்கள்" என்று ஒருவர் எழுதுவார். "நாங்கள் ஆயிரம் வருடம்" என்று எங்கள் பொடியன் ஒருவன் திருப்பி எழுதுவான். இரண்டு பேரிடமும் கையில் ஒன்றுமில்லை. 1626 என்பது வெளியேற்றப்பட்டவர்கள் வந்து சேர்ந்த வருடம். அவர்கள் வந்தது வேற்று நாட்டில் இருந்து அல்ல, இதே நாட்டின் மறு கரையில் இருந்து. அதற்கு முன்பு இந்தக் கரையில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதைக் காட்ட ஆதாரம் வேண்டும் என்றால், அது மண்ணில் இருந்து வரவேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் கனக்கிறது. கோட்டைக்கு உள்ளே இருந்தவன் கல் மதிலை விட்டுப் போனான். வெளியில் இருந்தவர்களின் வீடு மரமும் மண்ணும் கிடுகும். அவர்கள் கல்லில் விட்டுப் போன ஒன்றே ஒன்று மீசான் கல். அதை நாங்கள் என்ன செய்கிறோம்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிவாசலைப் பெரிதாகக் கட்டியபோது, பழைய மையவாடி ஓரத்தில் இருந்த எழுத்துள்ள கற்களை அத்திவாரத்துக்குள் போட்டு மேலே கொங்கிரீட் ஊற்றிவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கல் கிடந்தது, அத்திவாரத்துக்குக் கல் தேவைப்பட்டது. போர்த்துக்கேயன் திருகோணமலையில் செய்ததும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான் என்று அன்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தவன்தான். ஒரு போட்டோ கூட எடுக்கவில்லை.

கொழும்புக் காலிதின் கல்லை ஒருவர் பிரதி எடுத்ததால்தான் இன்று நாங்கள் ஹிஜ்ரி 337 என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். ஆகவே நிருவாக சபைகளில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய பள்ளிவாசலையோ மையவாடி மதிலையோ உடைப்பதற்கு முன் எழுத்துள்ள கல் ஏதும் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இருந்தால் வெளிச்சம் சரிவாக விழும் காலை நேரத்தில் நல்லதாக ஒரு போட்டோ எடுத்து, எங்கே கிடந்தது என்று எழுதி வையுங்கள். கிணறு வெட்டும்போது பழைய காசு, நிறமுள்ள பீங்கான் துண்டு வந்தாலும் அப்படியே. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தால் காணி போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது, கிழக்கில் இருக்கிறோம். குறைந்தது போட்டோவும் குறிப்புமாவது எங்களிடம் இருக்கட்டும். புதையல் என்று இரவில் தோண்டுகிறவர்களுக்கு மட்டும் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, சட்டம் சொல்லும்.

சுற்றுலா முடிந்த அடுத்த கிழமை பிள்ளைகளைக் கோட்டையின் படம் வரையச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் கொத்தளத்தைக் கூராகப் போட்டிருந்தார்கள், அகழிக்கு நீல நிறம் அடித்திருந்தார்கள். அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை கோட்டையைக் கடதாசியின் நடுவில் சின்னதாக வரைந்துவிட்டு, சுற்றிவர வாவிக்கரை முழுக்கப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள்.

"இதென்ன மகள், மழையா?"

"இல்ல சேர், ஆக்கள். நாலாயிரமும் வைக்கப் பாத்தன். கடதாசி காணல்ல."